மாட் மேய்த்த கதை

டிஸ்கி: இது கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிய பதிவு. ஆனால் பாதியில் ஒரு மைசூர் மகாராஜாவும், கடைசியில் எங்கள் ஆச்சியும் வருவார்கள். விளையாட்டென்றாலே ஆகாதவர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசிக்கலாம் :-)

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரும் நேரத்தில் கோவில்பட்டியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, ஸ்கைரிம்ல நாப்பது மாட் போட்டேன். இப்ப கேம் தொறக்கவே மாட்டேங்கு."

"எந்த வரிசைல போட்ட?"

"வரிசையா? அப்படி ஒண்ணு இருக்கா?"

பக்கத்தில் துணி மடித்துக் கொண்டிருந்த தங்கமணி, "ஊர்ல அக்கா வீட்ல மாடு வாங்கியிருக்காங்களா? நாப்பதா?" என்று வாயைப் பிளந்தார்.

அது அந்த மாடு இல்லை. ஒரு விளையாட்டை வாங்கி ஆடுகிறவர்களே அதில் செய்து சேர்க்கும் மாற்றத்துக்குத்தான் மாட் என்று பெயர். புது வாளாக இருக்கலாம், புது ஊராக இருக்கலாம், முப்பது மணி நேரம் ஓடும் தனிக்கதையாகவே கூட இருக்கலாம். ஆனால் நாற்பதையும் ஒன்றோடொன்று முட்டிக் கொள்ளாமல் ஓட்டிப் போவது மாடு மேய்ப்பதற்குக் கொஞ்சமும் குறைந்த வேலை இல்லை. ஒரு மணி நேரம் போனிலேயே மேய்த்துக் கொடுத்தேன். வைக்கப் போகும்போது கேட்டான்:

"இதையெல்லாம் சும்மாவா செஞ்சு குடுக்காங்க? எதுக்கு மாமா?"

நல்ல கேள்வி. போனில் சொல்ல முடியாத பதில். அதனால் இந்தப் பதிவு.

கதை 1993-ல் தொடங்குகிறது. அந்த வருடம் வந்த 'டூம்' விளையாட்டில் வரைபடம், படங்கள், சத்தங்கள் எல்லாவற்றையும் 'வாட்' என்ற தனிக் கோப்பில் வைத்திருந்தார்கள். விளையாட்டை ஓட்டும் இன்ஜின் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. சரக்கை மட்டும் மாற்றினால் போதும், புது விளையாட்டு ரெடி. ஆடுகிறவர்கள் அதற்கான கருவிகளைத் தாங்களே எழுதிக் கொண்டார்கள்.

2002-ல் பெதஸ்தா நிறுவனம் 'மாரோவிண்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் மூன்றாவது. இஷ்டத்துக்குத் திரியலாம், யார் வீட்டுக் கதவையும் திறக்கலாம் என்கிற மாதிரி ஒரு மாய உலகம். கணினிக்கான பெட்டியில் 'கன்ஸ்ட்ரக்ஷன் செட்' என்றொரு மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த உலகத்தைத் திருத்தவும், அதில் புதிதாகக் கட்டவும் உதவுகிற கருவி அது. சாம்பாரோடு நிறுத்தாமல் கரண்டியையும் அடுப்பையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி!

இதில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. மூல விளையாட்டு ஒரு 'மாஸ்டர்' கோப்பு. அதை யாரும் தொட வேண்டாம். உங்கள் மாற்றங்கள் தனியாக ஒரு 'பிளகின்' கோப்பில் மேலே உட்காரும். பிடிக்கவில்லையா, டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது.

விளையாட்டு வருவதற்கு முன்பே, 2001-ல், ராபின் ஸ்காட் என்ற இங்கிலாந்துப் பையன் நண்பரோடு சேர்ந்து இதற்காக ஒரு ரசிகர் தளம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்று நெக்ஸஸ் மாட்ஸ். அதே வருடம் தொடங்கியது 'டாம்ரியல் ரீபில்ட்'. விளையாட்டில் ஒரு தீவு மட்டும்தான் இருக்கிறது, மிச்ச நிலப்பரப்பை நாமே கட்டுவோம் என்று கிளம்பிய கூட்டம். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் கட்டிக் கொண்டிருக்கிறார்கள். ஆரம்பித்தவர்கள் பலர் இன்று இல்லை. புது ஆட்கள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக் கொள்கிறேன்.

பொட்டி தட்டுவதற்காக நான் மைசூருக்கு வந்தது 2008-ல். விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் ஒரு மாடி வீடு. அந்த வீட்டில் அப்போது நான் தனி ஆள். கன்னடத்தில் தெரிந்த ஒரே வாக்கியம் "கன்னட கொத்தில்லா". தூத்துக்குடி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் காலையில் ஊர் என்றாலும், ஆணி அதிகமாக இருந்த காலம் அது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனால் அதிகம். யோக நரசிம்மர் கோயிலில் புத்தாண்டுக்கு லட்டு கொடுக்கும் வரிசையில் நிற்பதுதான் ஊர்க்காரர்களோடு எனக்கிருந்த ஒரே சகவாசம்.

ராத்திரிகளுக்கு 2006-ல் வந்த 'ஒப்ளிவியன்' துணை. மாரோவிண்டின் தம்பி. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை டவுன்லோடு கணக்கில் வராது. அலாரம் வைத்து எழுந்து மாட்களை இறக்கப் போட்டுவிட்டு மறுபடி படுப்பேன். ஒவ்வொன்றோடும் ஒரு 'ரீட்மீ' கோப்பு வரும். எப்படிப் போடுவது, எதோடு ஒத்து வராது, யாருக்கு நன்றி என்று எழுதியிருக்கும். போலந்திலும் அமெரிக்காவிலும் யாரோ முகம் தெரியாதவர் எழுதியது. அந்த வருடங்களில் நான் அதிகம் வாசித்த கடிதங்கள் அவைதான்.

அப்போதெல்லாம் மாட் போடுவது என்றால் எல்லாவற்றையும் 'டேட்டா' போல்டரில் கொட்டுவது. அங்கேதான் வினை. இரண்டு மாட்கள் ஒரே சுவரின் படத்தை மாற்றினால், பின்னால் கொட்டியது முன்னதை அழித்துவிடும். பிறகு அதை நீக்கினாலும் பழையது திரும்பி வராது.

அதைவிடப் பெரிய சிக்கல் வரிசை. இரண்டு பிளகின்கள் ஒரே பொருளைத் தொட்டால், கடைசியில் ஏறுகிறவன் வைத்ததே சட்டம். கடையில் என்னென்ன விற்கும் என்று விளையாட்டுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு மாட் அதில் வாளைச் சேர்க்கிறது, இன்னொன்று வில்லைச் சேர்க்கிறது. கடைக்குப் போனால் வில் மட்டும் இருக்கும். வாளைச் செய்தவர் மீது தப்பில்லை, வில்லைச் செய்தவர் மீதும் தப்பில்லை. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க வந்தவை எல்லாமே ரசிகர்கள் எழுதியவை. 'ரை' என்ற புனைபெயர்க்காரர் எழுதிய 'ரை பாஷ்', அந்தப் பட்டியல்களை ஒன்றாகக் கலந்து வாளும் வில்லும் சேர்ந்து விற்கும்படி செய்தது. 'பாஸ்' என்ற மென்பொருளும் அதற்குப் பின் வந்த 'லூட்'டும் எது முன்னால், எது பின்னால் என்று அடுக்கிக் கொடுத்தன. ஸ்கைரிம் காலத்தில் வந்த 'மாட் ஆர்கனைசர்' ஒவ்வொரு மாட்டையும் தனித்தனித் தொழுவத்தில் கட்டியது. விளையாட்டு ஓடும்போது மட்டும் எல்லாம் ஒரே போல்டரில் இருப்பது போல் ஒரு மாயம் காட்டும். மூல போல்டரில் ஒரு தூசி படாது.

எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒப்ளிவியனிலும் ஸ்கைரிமிலும் ஒவ்வொரு பொருளுக்கும் பதினாறடிமானத்தில் எட்டு இலக்க அடையாள எண். அதில் முதல் இரண்டு இலக்கம் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சொல்லும். இரண்டு இலக்கத்தில் 256 தான் அடங்கும். ஒன்று ஆடும்போது உருவாகும் பொருட்களுக்கு. ஆக, மூல விளையாட்டையும் சேர்த்து 255. ஸ்கைரிம் 2011 நவம்பர் 11-ல் வந்தது. 2016-ல் வந்த அதன் சிறப்புப் பதிப்பில், பிறகு 'லைட்' பிளகின் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஒரே இடத்தில் 4096 சிறு கோப்புகள் அடங்கும். மருமகப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அடுத்தது காசு. 2015 ஏப்ரலில் ஸ்டீம் தளத்தில் ஸ்கைரிம் மாட்களை விற்கலாம் என்று அறிவித்தார்கள். செய்தவருக்கு 25 சதவீதம், மிச்சம் தளத்துக்கும் நிறுவனத்துக்கும். ஊரே கொந்தளித்தது. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். நானும் அன்று கோபப்பட்டவன்தான். இன்று யோசித்தால், வருடக்கணக்கில் ராத்திரி முழித்தவருக்கு ஒரு டீக்காசு வருவதில் எனக்கென்ன நஷ்டம் என்றும் தோன்றுகிறது. ஆனால் ஒருவர் செய்ததன் மேல் இன்னொருவர் இலவசமாகக் கட்டிய ஊரில், திடீரென்று யார் யாருக்குக் கடன் என்று கணக்குப் பார்க்க முடியாது.

2021-ல் நெக்ஸஸில் வேறொரு சண்டை. இனி ஏற்றிய கோப்பை அடியோடு அழிக்க முடியாது, ஒதுக்கி மட்டுமே வைக்கலாம் என்றார்கள். ஒரு மாட்டை நம்பி இன்னும் பத்து நிற்கும்போது, செய்தவர் கோபித்துக் கொண்டு உருவிவிட்டால் பத்தும் சரிந்துவிடும் என்பது தளத்தின் நியாயம். என் பிள்ளை, என் இஷ்டம் என்பது செய்தவரின் நியாயம். அழிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். பலர் எடுத்துக் கொண்டு போனார்கள்.

சரி, இப்போது மகாராஜா.

நான் இருக்கும் இந்த ஊரில் ஒரு மன்னர் இதே வேலையைச் செய்திருக்கிறார் என்பது வந்து பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1799-ல் திப்பு இறந்த பிறகு ஐந்து வயதில் சிம்மாசனம் ஏறியவர். 1831-ல் ஆங்கிலேயர்கள் நிர்வாகத்தைப் பிடுங்கிக் கொண்டார்கள். ராஜா இருந்தார், ராஜ்ஜியம் இல்லை. 1868-ல் மறையும் வரை அவருக்கு மிஞ்சியது புத்தகங்களும் ஓவியங்களும் விளையாட்டுகளும்.

அவர் காலத்தில் தொகுத்த 'ஸ்ரீதத்வநிதி' ஒன்பது பகுதி கொண்ட பெரிய நூல். கடைசிப் பகுதி 'கௌதுகநிதி'. அதில் 122 யோகாசனப் படங்கள் இருப்பதால் இன்று யோகா ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது பிரசித்தம். ஆனால் அதே பகுதியில்தான் அவருடைய விளையாட்டுகளும் இருக்கின்றன.

கஞ்சிபா என்பது பழைய சீட்டாட்டம். தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்கு 12 சீட்டு. ஒன்று முதல் பத்து வரை எண்கள், மேலே மந்திரி, ராஜா. ஆக 120. மகாராஜா இந்த மூலத்தை எடுத்துக் கொண்டு மேலே மேலே ஏற்றினார். எண் சீட்டுகள் பன்னிரண்டு, அரசச் சீட்டுகள் ஆறு, சில ஆட்டங்களில் 18 இனங்கள் வரை, நிரந்தரத் துருப்புகள் வேறு. சில கட்டுகளில் 360 சீட்டுகள்! 255 வரம்பெல்லாம் அவருக்குக் கிடையாது :-)

விதிகள் இருந்தன, படங்கள் இருந்தன, அருமையான ரீட்மீ இருந்தது. ஆனால் அந்த ஆட்டங்கள் அரண்மனையைத் தாண்டி மக்களிடம் பரவவில்லை. 360 சீட்டைக் கையால் எழுத ஓவியர் வேண்டும், ஆட அவகாசம் வேண்டும், கூட உட்கார ராஜாவை மறுத்துப் பேசும் ஆட்களும் வேண்டும். "மகாராஜா, இது ரொம்ப அதிகம், நூறைக் குறைக்கலாம்" என்று அங்கே யார் சொல்வார்கள்? இன்று மைசூர் கஞ்சிபாவுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தச் சீட்டுகளைக் கலைப்பொருளாக வாங்கிப் போகிறோம், ஆட வாங்குவதில்லை.

இதற்கு நேர் எதிர் எங்கள் ஆச்சி. பல்லாங்குழியில் வெறுங்குழி வந்தால் தடவிவிட்டு அடுத்த குழியில் இருப்பதை அள்ளுவோம் இல்லையா? ஆச்சி சில சமயம் எதிர்க்குழியையும் சேர்த்து அள்ளுவாள். எப்போது அள்ளலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். தெருவே அந்தக் கணக்கில்தான் ஆடியது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆச்சி போனாள், கூட ஆடியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

ராஜாவிடம் புத்தகம் இருந்தது, ஆட ஆளில்லை. ஆச்சியிடம் ஆட ஆளிருந்தது, புத்தகம் இல்லை. மாரோவிண்ட்காரர்களிடம் இரண்டும் இருந்தன, கூடவே சண்டை போட்டு ஒட்ட வைக்கும் பொறுமையும் இருந்தது. எதுக்கு மாமா என்று கேட்டாயே, இதுதான் பதில். நாம் சேர்த்த சின்ன விஷயம் நமக்குப் பிறகும் யார் கையிலாவது ஓட வேண்டும் என்ற ஆசை. அதற்குத்தான் வரிசை, ரீட்மீ, அடுக்கு எல்லாம்.

ஒன்று சொல்லவில்லையே. 2009-ல் நானும் ஒரு மாட் செய்தேன். ஒப்ளிவியனில் ஓர் ஆற்றங்கரையில் ஆச்சி வீடு. திண்ணை, முற்றம், திண்ணையில் ஒரு பலகை, அதில் பதினான்கு கிண்ணங்கள். அதில் ஆட முடியாது, சும்மா பார்க்கலாம். அலுவலகம் விட்டு வந்து அந்தத் திண்ணையில் என் கதாபாத்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பேன். இன்னும் கொஞ்சம் சரி பண்ணி ஏற்றலாம் என்று தள்ளிப் போட்டேன். 2011-ல் ஹார்ட் டிஸ்க் செத்தது. வேறு பிரதி இல்லை.

நேற்று மறுபடி போன். கேம் ஓடுகிறதாம். "பாட்டிகிட்ட அந்தப் பல்லாங்குழிக் கணக்கக் கேட்டு எழுதிட்டு வா" என்று பையனை அனுப்பியிருந்தேன். அம்மாவுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. சின்ன அத்தைக்கு வேறு ஒரு பாதி. இரண்டும் ஒத்து வரவில்லை.

"எது சரி மாமா?"

"ரெண்டையும் எழுதி வை. யார் சொன்னாங்கன்னும் எழுது. வரிசைய அப்புறம் பாத்துக்கலாம்."

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது கணக்கு இருக்கும். இந்தப் பதிவை மூடிவிட்டு, அதைத் தெரிந்தவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.