இறை ஏக்கம் (கிறித்தவ இறையியல்)

உலகில் எதைப் பெற்றாலும் மனித மனம் முழுதாக நிறைவதில்லை. இந்தக் குறையைக் கடவுளை நோக்கிய தேடலாகக் காணும் கிறித்தவச் சிந்தனை மரபே இறை ஏக்கம் எனப்படுகிறது. இதன் வேர் விவிலியத்தில் உள்ளது. நீரோடையைத் தேடும் மானைப் பற்றிய 42ஆம் திருப்பாடலுக்கும், யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் இயேசு சமாரியப் பெண்ணோடு கிணற்றடியில் பேசும் உரையாடலுக்கும் தாகமே பொருள். ஐந்து கணவர்களைக் கண்டவள் அந்தப் பெண். இயேசு அவளிடம் அறிவுரை சொல்லிப் பேச்சைத் தொடங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தொடங்குகிறார்.

இந்த மரபுக்குத் தெளிவான வடிவம் தந்தவர் அகுஸ்தீன் (354–430). இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே அவர் பிறந்த ஊர். தாய் மோனிக்கா கிறித்தவர். தந்தை பத்ரீசியுஸ் வாழ்வின் கடைசிக் காலத்தில்தான் திருமுழுக்குப் பெற்றார். அகுஸ்தீன் 19 வயதில், கார்த்தேஜில் படித்துக்கொண்டிருந்தபோது, சிசரோவின் 'ஹோர்டென்சியுஸ்' என்ற நூலை வாசித்து ஞானத்தின் மேல் தீராத ஆவல் கொண்டார். அந்த நூல் இன்று சிதறிய துண்டுகளாகவே கிடைக்கிறது. பிறகு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானி சமயத்தோடு இருந்தார். 384இல் மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியரானார். பதவி, புகழ், நண்பர்கள், துணைவி, மகன் எல்லாம் இருந்தும் மனம் அடங்கவில்லை. 387ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில் ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார்; பின்னாளில் ஹிப்போ நகரின் ஆயரானார்.

397 வாக்கில் அவர் எழுதத் தொடங்கிய 'ஒப்புதல்கள்' 13 பகுதிகள் கொண்டது. முழுவதும் கடவுளை நேரே விளித்தே பேசுகிறது. நெஞ்சின் அமைதியின்மை முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. ஆனால் அதன் ஆழம் புரிய நான்காம் பகுதியைப் படிக்க வேண்டும். இளமையில் சொந்த ஊரில் நெருங்கிய நண்பன் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோகிறான். பழகிய தெருவும் வீடும் வதையாகிவிட, அகுஸ்தீன் ஊரைவிட்டே மீண்டும் கார்த்தேஜுக்குப் போகிறார். பல ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பிப் பார்க்கும்போதும் அவர் நட்பைக் குறை சொல்லவில்லை. சாகப்போகிற ஒருவனைச் சாவே இல்லாதவன்போல் நேசித்ததுதான் பிழை என்கிறார். கடவுள் மட்டுமே தாங்கக்கூடிய பாரத்தை மனிதர்மேல் ஏற்றினால் இருவருமே நொறுங்குவார்கள் என்பது இதன் உட்பொருள்.

ஆகவே அகுஸ்தீன் ஆசையை அறுக்கச் சொல்லவில்லை, ஒழுங்குபடுத்தச் சொன்னார். இதை அவர் அன்பின் ஒழுங்கு என்று அழைத்தார். உணர்ச்சியற்ற நிலையை உயர்வாகப் போற்றிய ஸ்டோயிக் தத்துவத்தை 'கடவுளின் நகரம்' நூலின் 14ஆம் பகுதியில் மறுத்தார். இயேசுவே கண்ணீர் விட்டவர் என்பது அங்கே அவர் காட்டும் சான்று. ஆனால் இந்த ஒழுங்கின் ஆசிரியர் வாழ்விலும் ஒரு நெருடல் உண்டு. அவர் மகனைப் பெற்ற துணைவி, தகுதியான திருமணம் ஒன்று பேசப்பட்டபோது ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அவள் பெயர்கூட 'ஒப்புதல்கள்' நூலில் இல்லை. அவளுடைய ஏக்கத்தைக் கேட்க அந்த நூலில் இடமில்லை என்பதே உண்மை.

ஏக்கம் எங்கே முடிகிறது என்பதில் கிழக்குத் திருச்சபையின் விடை வேறு. அகுஸ்தீனுக்கு அந்த முடிவு கடவுளில் பெறும் ஓய்வு. அவருக்குச் சற்று மூத்தவரான நீசாவின் கிரகோரி, 'மோசேயின் வாழ்வு' நூலில், கடவுள் எல்லையற்றவர், ஆகவே அவரை நாடும் ஆசைக்கும் எல்லை இல்லை என்றார். அடைய அடைய ஆசை வளரும். அந்த வளர்ச்சியே பேரின்பம். இரண்டில் கிரகோரியின் கருத்தே துணிச்சலானது. நிறைவை அவர் தேக்கமாக எண்ணவில்லை.

பின்னாளில் தாமஸ் அக்குவினாஸ் பேரின்பத்தைக் கடவுளைக் காண்பதில் வைத்தார். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல், மனிதன் கேளிக்கையில் ஓடி ஒளிவதையே அவன் வெறுமைக்குச் சான்றாக்கினார். 20ஆம் நூற்றாண்டில் சி. எஸ். லூயிஸ் இதை ஒரு வாதமாகவே வளர்த்தார்: பசிக்கு உணவு உண்டு, இவ்வுலகில் எதனாலும் தீராத ஆசைக்கு மறுவுலகமே பொருத்தமான விளக்கம். அதையும் நிரூபணம் என்னாமல், மிகவும் வாய்ப்புள்ள விளக்கம் என்ற அளவிலேயே வைத்தார்.

இதற்கு எதிர்ப்பு லூயிசுக்கு முன்பே வந்துவிட்டது. மனிதன் தன் இயல்பையே வானில் ஏற்றிக் கடவுள் என்கிறான் என்று ஃபாயர்பாக் 1841இல் எழுதினார். தந்தையின் காவலுக்கு ஏங்கும் மனத்தின் மாயத்தோற்றமே சமயம் என்று ஃபிராய்டு 1927இல் வாதிட்டார். விரும்புவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதில் இருவரும் சரி. ஆனால் விருப்பத்தின் பிறப்பை விளக்கிவிட்டால் விரும்பப்பட்டது பொய்யாகிவிடும் என்பதும் தருக்கத்துக்கு ஒவ்வாது. திருச்சபைகளும் ஏக்கத்தைத் தனிச் சான்றாகப் பெரிதும் நம்பியதில்லை. கடவுள் இருப்பதை நிறுவ அக்குவினாஸ் முன்வைத்த புகழ்பெற்ற ஐந்து வழிகளில் அது இடம்பெறவில்லை. ஆயினும் 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடவுளை அறியும் வழிகளைப் பேசுவதற்கு முன்பே, 27ஆம் பத்தியில் இந்த ஏக்கத்தை எடுத்துக்கொள்கிறது.