எல்லைக்கோடும் மக்கள் இசைவும்: தேவிகுளம், பீர்மேடு வழக்கின் வரலாறு

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில், பெரியாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் வண்டிப்பெரியார். ஊரைச் சுற்றிலும் தேயிலை. சற்று அப்பால் ஏலம். குமுளியைக் கடந்து மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே கொழுந்து கிள்ளும் தொழிலாளருள் மிகப் பலர், கங்காணிகள் வழியே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பீர்மேட்டுத் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூரைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய வினாவொன்று எழுந்தது. ஓர் அரசியல் அமைப்பினின்று ஒரு பகுதி மக்கள் பிரிந்து செல்ல விரும்பினால், அதனை முடிவு செய்ய வேண்டியவர் யார்? பிரிய விரும்புவோரா? அவர்களைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்புவோரா? அன்றி, இருசாரார்க்கும் மேற்பட்ட நாடாளுமன்றமா?

இவ்வினாவுக்கு ஒரு முன்கதை உண்டு. 1947 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூர்த் திவான் சர் சி. பி. இராமசுவாமி ஐயர், ஆங்கிலேயர் வெளியேறியதும் தமது சமஸ்தானம் தனி நாடாகும் என்று அறிவித்தார். பிரிட்டிஷ் முடியின் மேலாதிக்கம் நீங்கினால் சமஸ்தானம் எவர்க்கும் கட்டுப்பட்டதன்று என்பது அவர் வாதம். அது சட்டத்தின் மொழி. அந்நாட்டு மக்களின் வாக்கோ அதில் கேட்கப்படவில்லை. எதிர்ப்பு மூண்டது. ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் திவான் தாக்கப்பட்டுக் காயமுற்றார். அம்மாத முடிவிற்குள் மகாராஜா இந்தியாவுடன் இணைய இசைந்தார்.

பின்னர் அரசியல் சட்டம் இந்தியாவை ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்று வழங்கிற்று. அச்சொல்லைத் தேர்ந்ததன் காரணத்தை டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். இவ்வொன்றியம் மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையால் விளைந்ததன்று. ஆதலின் எம்மாநிலத்திற்கும் விலகிச் செல்லும் உரிமை இல்லை என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

நாட்டை விட்டு விலகுதல் வேறு. நாட்டிற்குள்ளேயே ஒரு மாநிலத்தை விட்டு மற்றொன்றைச் சேர்தல் வேறு. திருவிதாங்கூர்த் தமிழர் கேட்டது பின்னதையே. 1945இல் நாகர்கோவிலில் தோன்றிய இயக்கம், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்னும் பெயர் பெற்று, நேசமணி முதலியோர் தலைமையில் வளர்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய தாலுகாக்களையும், பாலக்காட்டை அடுத்த சிற்றூரையும் அது வேண்டியது. 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான பின்னரும் அக்கோரிக்கை தணியவில்லை. 1952 தேர்தலில் 8 இடங்களும், 1954 தேர்தலில் 12 இடங்களும் இக்கட்சிக்குக் கிடைத்தன. வாக்குச்சீட்டால் சொல்லக்கூடியதை அம்மக்கள் சொல்லிவிட்டனர் என்றே கொள்ள வேண்டும். 1954இல் மூணாற்றில் தடையை மீறிய தலைவர்கள் கைதாயினர். அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின.

1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்புக் குழுவில் பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் இருந்தனர். 1955 செப்டம்பர் 30ஆம் நாள் அறிக்கை வெளிவந்தது. தெற்கே நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்திற்குத் தரலாம் என்றும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே இருக்கவேண்டும் என்றும் அக்குழு கூறிற்று. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மையினர். பீர்மேட்டில் அவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. எனினும் இத்தமிழருள் மிகுதியானவர் வேலையின் பொருட்டு வந்து செல்பவர் என்பதும், மலைத்தோட்டங்கள் கேரளத்தின் பொருளாதாரத்திற்கு இன்றியமையாதவை என்பதும் குழுவின் கருத்து.

இங்கேதான் வழக்கின் உயிர்நிலை உள்ளது. தலைமுறை தலைமுறையாக ஒரு தோட்டத்து வரிசைவீட்டில் வாழ்ந்து, அங்கேயே வாக்களித்து, அங்கேயே மடிந்தவனை ‘வந்து செல்பவன்’ என்று எண்ணலாமா? தமிழர் தலைவர்கள் இதனை வன்மையாக மறுத்தனர். அரசு அம்மலைகளில் நிலம் வழங்கி விவசாயிகளைக் குடியேற்றியது மக்கள் விகிதத்தை மாற்றவே என்றும் அவர்கள் குற்றஞ்சாட்டினர். கேரளத்தாரும் தம் நியாயத்தைச் சொன்னார்கள்: மலையையும் அதன் நீரையும் இழந்தால், நெருக்கமாக மக்கள் வாழும் சிறிய மாநிலம் எதைக்கொண்டு பிழைப்பது? ‘குளமாயினும் மேடாயினும் இந்தியாவுக்குள் தானே’ என்னும் கருத்துடைய சொல்லொன்று காமராசர் பெயரால் இன்றும் வழங்கிவருகிறது. ம. பொ. சிவஞானம் போன்றோர் அவ்வாறு அமைதி கொள்ளவில்லை.

சட்டம் என்ன சொல்லிற்று? அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி மாநில எல்லைகளை நாடாளுமன்றம் சட்டமியற்றி மாற்றலாம். அதற்குமுன் மசோதாவைச் சம்பந்தப்பட்ட சட்டசபைக்கு அனுப்பிக் கருத்து அறியவேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் இங்கே ஒரு சொல்லைக் கவனித்தல் நலம். சட்டம் கேட்பது ‘கருத்து’, ‘இசைவு’ அன்று. பாபுலால் பராட்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது: சட்டசபையின் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இதுவும் சட்டசபையைப் பற்றிய விதியே. பிரிய விரும்பும் தாலுகாவின் மக்களைத் தனியே கேட்கவேண்டும் என்று எவ்விதியும் இல்லை. மேலும், மசோதா 1956 ஏப்ரலில் லோக்சபைக்கு வந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சியில் மார்ச்சு முதலே குடியரசுத் தலைவரின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

பிற நாடுகளில் இதனை எவ்வாறு கையாண்டனர்? மேற்கு ஆஸ்திரேலிய மக்கள் 1933இல் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பிரிவினைக்கு வாக்களித்தனர். ஆஸ்திரேலிய அரசின் கோரிக்கையின்றி அம்மனுவை ஏற்க இயலாது என்று 1935இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மறுத்தது. கியூபெக் பற்றி 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் நடுவழி கண்டது: ஒருதலையாக விலகுதல் சட்டமாகாது, ஆனால் தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மை விடையளித்தால், மற்றவர்கள் பேச்சு நடத்தக் கடமைப்பட்டவர்கள். நம் வழக்குக்கு மிக அண்மையது சுவிட்சர்லாந்தின் ஜூரா. பெர்ன் மாநிலத்தினின்று பிரிவதைப் பற்றி அங்கே வட்டாரம் வட்டாரமாக, பின்னர் ஊர் ஊராக வாக்கெடுத்தனர். 1979இல் ஜூரா தனி மாநிலமாயிற்று. அம்முறை வண்டிப்பெரியாரில் கையாளப்பட்டிருப்பின் விடை எவ்வாறிருக்கும் என்று இன்று எவரும் கூறவியலாது. கேட்கப்படவில்லை என்பது மட்டும் வரலாறு.

1956 நவம்பர் முதல் நாள் புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. தெற்கே கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. மலபார் சென்னையை விட்டுக் கேரளத்தோடு இணைந்தது. வண்டிப்பெரியார் இருந்த இடத்திலேயே இருந்தது. 1972இல் அமைந்த இடுக்கி மாவட்டத்துள் இன்று அடங்கியுள்ளது. முல்லைப் பெரியாற்றுப் பூசல் முற்றிய 2011 இறுதியில் பழைய கோரிக்கை அம்மலைகளில் மீண்டும் ஒலித்தது.

எனினும் அதே 1956ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் புகுந்த 350-அ, 350-ஆ பிரிவுகளை நாம் மறத்தலாகாது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது முன்னது. இத்தகைய காப்புகளைக் கண்காணிக்கத் தனி அதிகாரியை ஏற்படுத்துகிறது பின்னது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் அங்குள்ள தமிழர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத உரிமை வழங்கியுள்ளது. எல்லையை மாற்றும் அதிகாரம் தில்லியில் உள்ளது; இவ்வுரிமைகளைக் கேட்டுப் பெறும் ஆற்றலோ நம் கையில் உள்ளது. பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் தமிழர்க்கும் இது பொருந்தும். எந்த எல்லைக்கோட்டின் எப்புறத்தில் வாழினும், பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமென்று எழுதித் தரும் ஒரு மனுவும் மக்களாட்சியின் வாக்குச்சீட்டே ஆகும்.