வீட்டை மீட்டவர்களும் வீட்டை இழந்தவர்களும்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கும் பழைய துறைமுக நகரம் சார்ல்ஸ்டன். அங்கே ஈஸ்ட் பே தெருவில் பதின்மூன்று வீடுகள் இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் தோளொட்டி நிற்கின்றன. ரெயின்போ ரோ என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் இவை வணிகர்களின் கட்டடங்கள். கீழே கடை, மேலே குடும்பம். உள்நாட்டுப் போரில் தோற்ற பிறகு நகரம் வறண்டது. வெள்ளைக் குடும்பங்கள் கைவிட்ட இத்தகைய வீடுகளில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாகக் குடியேறின.

1920களில் இவற்றில் ஆறு வீடுகளை வாங்கியவர் சூசன் பிரிங்கிள் ஃபிராஸ்ட். நொடித்துப்போன பெரிய குடும்பத்துப் பெண். திருமணம் செய்துகொள்ளாதவர், நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர், பிறகு வீடு வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியவர். வாக்குரிமைப் போராட்டத்திலும் முன்னணியில் நின்றார். வடக்கிலிருந்து அருங்காட்சியகங்களும் வியாபாரிகளும் வந்து சார்ல்ஸ்டன் வீடுகளின் மரவேலைப்பாடுகளைப் பெயர்த்து வாங்கிப்போன காலம் அது. டிராட் தெருவிலிருந்த ஜான் ஸ்டூவர்ட் வீட்டின் கூடம் இன்று மின்னியாபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1920 ஏப்ரலில் ஜோசஃப் மேனிகால்ட் வீட்டுக்கு ஆபத்து வந்தபோது, பழைய வீடுகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கத்தை ஃபிராஸ்ட் கூட்டினார். பெண்களுக்கு வாக்குரிமை தந்த திருத்தம் நடைமுறைக்கு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. வாக்கில்லாத பெண்கள் ஊரின் கட்டடங்களுக்கு வாதாடினார்கள். (தென் கரோலினா அந்தத் திருத்தத்தை ஏற்றுக் கையெழுத்திட்டது 1969இல்தான்.) மேனிகால்ட் வீட்டைச் சுமந்த நெல் பிரிங்கிளின் குடும்பம் கடனில் சிக்கியது. தோட்டம் பெட்ரோல் நிலையமானது. அதன் அழகிய நுழைவு மண்டபம் கழிப்பறையாகப் பயன்பட்டது. வீடு மட்டும் தப்பித்து, 1933இல் சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்திடம் சேர்ந்தது. 1931இல் நகரம் கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவிலேயே முதலாவது. பெண்கள் பத்தாண்டுக்கு மேல் தொண்டை கிழியப் பேசியதற்கு அதில் பங்குண்டு.

இந்த இடத்தில் முடித்துவிட்டால் நல்ல பெண்ணிய வரலாறு. ஆனால் அந்த வீடுகள் காலியாக இருக்கவில்லையே! ஃபிராஸ்ட் வாங்கிய வீடுகளில் சமையல்காரிகளும் துணி துவைக்கும் பெண்களும் பிள்ளைகளோடு குடியிருந்தார்கள். வீட்டை 'மீட்பது' என்றால் முதல் வேலை அவர்களை வெளியேற்றுவதுதான். சர்ச் தெருவிலிருந்த கட்டடம் ஒன்றுக்குக் கேபேஜ் ரோ என்று பெயர் வந்ததே, அங்கே குடியிருந்த கறுப்பின மக்கள் சன்னல் விளிம்பில் கீரையும் கோசும் வைத்து விற்றதால். 'போர்கி' நாவல் அதை உலகப் புகழாக்கியது. 1920களின் இறுதியில் அது பழுதுபார்க்கப்பட்டது. பெயர் நிலைத்தது, கீரை விற்றவர்கள் இல்லை. வெள்ளைப் பெண்களுக்கு 1920இல் கிடைத்த வாக்கு, தெற்கின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்கு 1965வரை ஏட்டில்தான் இருந்தது. எந்தச் சங்கத்தில் போய் அவர்கள் முறையிடுவது?

ஃபிராஸ்ட் வாழ்ந்தது கிங் தெருவில், தன் முன்னோரின் மைல்ஸ் பிரூட்டன் வீட்டில். அதைக் கட்டிய பிரூட்டன் அடிமை வணிகத்தில் பணம் குவித்தவர். அதன் வேலியில் இன்றும் இரும்பு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. 1822இல் டென்மார்க் வெசியின் கிளர்ச்சித் திட்டம் வெளிப்பட்ட பிறகு, வீட்டுக்குள் சமைத்துப் பரிமாறியவர்களுக்குப் பயந்து வைத்தவை. ஃபிராஸ்ட் அவரது குடும்பப் பெருமையைக் காத்தார் என்பதும், தனியாளாக ஒரு பெண் ஊரோடு மல்லுக்கட்டினார் என்பதும் ஒரே உண்மையின் இரு பக்கம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

வேறொரு பெண்ணும் இருந்தார். ஒஹாயோவிலிருந்து வந்த மிரியம் வில்சன், சால்மர்ஸ் தெருவில் மனிதர்களை ஏலம்விட்ட கட்டடத்தை 1938இல் வாங்கி அருங்காட்சியகமாக்கினார். ஊர்ப் பெரியவர்கள் பலர் அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாதித்துக்கொண்டிருந்த காலம். அவருக்குச் சுவரைவிடச் சுவருக்குள் நடந்ததே முக்கியமாக இருந்தது.

சார்ல்ஸ்டனின் செங்கற்கள் ஆற்றங்கரைச் சூளைகளில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் அறுத்தவை. குழந்தைகளும் வேலை செய்தார்கள். பழுதுபார்த்த சுவர்களில், பூச்சில்லாத இடங்களில், சில கற்களில் விரல் தடங்கள் தெரிகின்றன. சில தடங்கள் மிகச் சிறியவை.