கூட்டி நீலச் சிலந்தி

திருப்பனந்தாள் என்ற பெயரிலேயே பனை இருக்கிறது. கோயிலின் தலமரமும் பனைதான். மாலை நேரத்தில் ஒரு பனையின் சொரசொரப்பான அடிமரத்தை உற்றுப் பாருங்கள். வெடிப்புகளில் எட்டுக்கால் பூச்சிகள் தென்படும். அவற்றை நெருக்கத்தில் படம் எடுக்க விரும்புகிறீர்களா? முதலில் அவற்றின் பெரிய உறவினம் ஒன்றின் வரலாற்றைக் கேளுங்கள்.

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில் பாதையில், குண்டக்கல் அருகே கூட்டி என்னும் ஊர் உள்ளது. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த சிலந்தி ஒன்றை 1899-இல் ஆங்கிலேய விலங்கியலார் போகாக் விவரித்தார். உலோகம் போன்ற அதன் பளபளப்பைக் கருதி 'பீசிலோதீரியா மெட்டாலிகா' என்று பெயரிட்டார். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது ஆய்வாளர் கண்ணில் படவில்லை. 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. கூட்டிக்கு அது மரக்கட்டைகளோடு ரயிலில் வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இச்சிலந்தியின் நிறம் கண்ணைப் பறிக்கும் நீலம். ஆனால் அந்த நீலம் சாயம் அன்று. உடல் மயிர்களில் உள்ள நுண்ணிய கட்டமைப்புகள் நீல ஒளியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. பனங்காடையின் இறகு நீலத்தையும் சிப்பிகளின் வண்ணங்களையும் சர் சி. வி. இராமன் 1930-களில் ஆராய்ந்தது இத்தகைய நிறங்களைப் பற்றித்தான். டரன்டுலாக்களில் நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியே தோன்றியதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

இதைப் படத்தில் பிடிப்பது எளிதா? ஒரு சிறு கணக்கு. 50 மில்லிமீட்டர் வில்லையை வழக்கமான இடத்திலிருந்து மேலும் 50 மில்லிமீட்டர் முன்னே தள்ளினால், பொருளும் பிம்பமும் ஒரே அளவாகும். ஆனால் பிம்பத் தொலைவு இரட்டிப்பதால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். துளையை எஃப் 16 வரை சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே. கண் தெளிந்தால் கால் மங்கும்! பூச்சி அசையாதிருக்க, அதைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப் போகச் செய்து படம் எடுத்தவர்களும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒளிவிளக்கும் பொறுமையும் போதும்.

இன்னொன்றும் உண்டு. அழகைக் கண்டவர்க்கு அதை வீட்டில் வளர்க்கும் ஆசையும் வரும். வெளிநாடுகளில் பலர் இச்சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கின்றனர். காடு அழிவதாலும், விற்பனைக்காகப் பிடிக்கப்படுவதாலும் 2008-இல் இது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. நம் இராமேசுவரத்திலும் ஓர் உறவினம் உண்டு. 2004-இல் விவரிக்கப்பட்ட அதற்கு, அது காணப்பட்ட அனுமவிலாசம் கோயிலின் பெயரையே சூட்டினார்கள். பெயரே முகவரியாகிவிட்டது! இந்தப் பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் 2019-இல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

இன்று உங்கள் கைப்பேசி, படத்துக்குள்ளேயே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதித்துவிடக்கூடும். அரிய உயிரைப் படம் எடுத்தால் அதை நீக்கிவிட்டே பிறருக்கு அனுப்புங்கள். பட்டையை உரிக்காதீர்கள், பொந்தில் குச்சி விடாதீர்கள். பெரிய மரச்சிலந்தியைக் கையால் தொடவும் வேண்டாம். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும். நீங்கள் படம் எடுத்துத் திரும்பிய பிறகும் அந்தச் சிலந்தி அதே வெடிப்பில் இருக்க வேண்டும்.