கத்தார் வீடும் லண்டன் வீடும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் பஸ்ஸில் கெலிஓயாவைக் கடக்கும்போது வீதியோரத்து வீடுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சில வீடுகளில் கீழ்த்தளம் முடிந்து சிலப் போட்டிருக்கும். அதற்கு மேலே தூண் கம்பிகள் மழையில் துருவேறி நிற்கும். அநேகமாக அது ஒரு கத்தார் வீடு, இல்லாவிட்டால் சவூதி வீடு. மேல்மாடி மகனுக்கென்று விட்டது. வேறு சில வீடுகள் பூசி, தீந்தை அடித்து, எல்லாம் முடிந்து பூட்டிக் கிடக்கும். சாவி உம்மாவிடமோ தாத்தாவிடமோ இருக்கும். அது லண்டன் வீடு. இங்கிலாந்தில் எந்த நகரத்தில் இருந்தாலும் ஊர்ப் பேச்சில் அது லண்டன்தான்.

இரண்டு வீட்டுக்காரரும் வெளிக்கிட்டது ஒரே நோக்கத்தோடுதான். பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும், தாங்கள் வயதான காலத்தில் யாரிடமும் கையேந்தக் கூடாது. போன நாடு வேறு என்பதால் இந்த இரண்டு ஆசையும் எப்படி வெவ்வேறு விதமாக முடிகின்றன என்பதுதான் என் அக்கறை.

முதலில் கத்தார். குடும்பத்தோடு அங்கே போக எல்லோராலும் முடியாது. 2021 மார்ச் முதல் அங்கே சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் நிறுவனம் கொடுக்காவிட்டால் அவற்றுக்கு 500, 300. அந்தச் சம்பளத்துக்குப் போகும் தகப்பன் தனியாகத்தான் போவார். பிள்ளை ஊரிலோ கம்பளை ஸாஹிராவிலோ தமிழில் படிக்கும். கணக்காளரும் பொறியியலாளரும்தான் குடும்ப வீஸாவின் சம்பள வரம்பைத் தாண்டுவார்கள். அவர்கள் பிள்ளைகளைத் தோஹாவின் ஸ்டாஃபோர்ட் ஸ்ரீலங்கன் ஸ்கூல் போன்ற இடங்களில் சேர்க்கிறார்கள். ஆங்கில வழி, லண்டன் பாடத்திட்டம், கட்டணம் கட்டிப் படிப்பு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம், பல்கலைக்கழகம் வரைக்கும். கெலிஓயாப் பிள்ளைக்குப் பேராதனை வளாகம் பஸ்ஸில் சில நிமிடம். அதற்குள் போகும் வழி நம்முடைய உயர்தரப் பரீட்சையும் இசட் வெட்டுப்புள்ளியும். லண்டன் உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டது. வெளிநாட்டுத் தகைமையோடு வருபவர்களுக்கு ஒதுக்குவது மிகச் சிறிய பங்கு. ஆக, வளாகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு இருந்தும், மலேசியாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ கொழும்பின் தனியார் பட்டப்படிப்புக்கோ காசு கட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு வரும்போது தகப்பனுக்கு ஐம்பது வயது இருக்கும். முதுமைக்கென்று சேர்த்ததுதான் முதலில் கரையும்.

பிள்ளையை அங்கே வைத்திருப்பதா ஊருக்கு அனுப்புவதா என்ற முடிவைச் சவூதிக்காரர்களுக்கு அந்த நாட்டு அரசே எடுத்துக் கொடுத்தது. 2017 ஜூலையில் கூட இருக்கும் மனைவி, பிள்ளை ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி வந்தது. ஆண்டுதோறும் நூறு நூறாகக் கூடி 2020இல் 400 ஆனது. மூன்று பிள்ளையும் மனைவியும் என்றால் மாதம் 1,600. சமாளிக்க முடியாதவர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள். அரைவாசிப் படிப்பில் வந்த பிள்ளை, எழுதத் தெரியாத தமிழோடு தரம் 8இலும் 9இலும் உட்கார்ந்தது.

ஓய்வுகாலத்துக்கு வளைகுடா கொடுப்பது பணிக்கொடை மட்டும்தான். கத்தார் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம். இருபது வருடம் உழைத்தவருக்கு 420 நாள், அதாவது பதினான்கு மாதச் சம்பளம். அதிலும் படிகள் சேராது. வேலை முடிந்தால் வீஸாவும் முடியும். இதே ஆள் கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்திருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் போட்டிருப்பார்கள். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. கத்தார் சம்பளம் பெரிதாகத் தெரிவதற்கு இந்த 23 வீதம் எங்கும் ஒதுக்கப்படாததும் ஒரு காரணம். தன் பங்கையும் முதலாளி பங்கையும் தானே ஒதுக்குகிற தகப்பனை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். ஒதுக்கியிருக்க வேண்டிய காசுதான் அந்தச் சிலப்புக்கு மேல் கம்பியாக நிற்கிறது.

லண்டன் வீட்டில் படிப்புக் கவலை சீக்கிரம் தீர்ந்துவிடும். அரசுப் பாடசாலை இலவசம். நிரந்தர வதிவிடம் கிடைத்து, மூன்று வருடம் அங்கே வாழ்ந்திருந்தால் உள்நாட்டு மாணவருக்குரிய பல்கலைக்கழகக் கட்டணமும் கடனும் கிடைக்கும். அதுவரை வீஸாவோடு சுகாதாரக் கட்டணமாகப் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண், பிள்ளைக்கு 776 பவுண் பொதுவாகக் கட்டியாக வேண்டும். நிரந்தர வதிவிடத்துக்குப் பொதுவாக ஐந்து வருடம் என்று இருந்ததைப் பத்தாக்கப் போவதாக பிரித்தானிய அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை சொன்னது, பல குடும்பங்களின் கணக்கைக் குழப்பிவிட்டது.

பென்ஷன் விஷயம் பலருக்குத் தெரியவே தெரியாது. பிரித்தானிய அரச பென்ஷன் முழுதாகக் கிடைக்க 35 வருடப் பங்களிப்பு வேண்டும். பத்துக்குக் குறைந்தால் பொதுவாக ஒன்றுமில்லை. நாற்பது வயதில் போய் 67 வரை வேலை செய்பவருக்கு 27 வருடம் தேறும். 2025இன் முழுத் தொகையான வாரம் 230.25 பவுணில் அது ஏறக்குறைய 178. மோசமில்லை. ஆனால் அவர் கெலிஓயாவுக்குத் திரும்பிவிட்டால் அந்தத் தொகை அப்படியே நின்றுவிடும். அங்கே இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் கூடும், இலங்கையில் இருப்பவருக்குக் கூடாது. ஒரே ஆஸ்பத்திரி வார்ட்டில் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்த பிலிப்பைன்ஸ் தாதி தன் ஊருக்குத் திரும்பினால் கூடும். அவர்கள் நாட்டுக்குப் பிரித்தானியாவோடு அதற்கான உடன்படிக்கை இருக்கிறது. நமக்கு இல்லை. முப்பது வருடம் ஒரே வரியைக் கட்டியவர்களை ஊர்பார்த்துப் பிரிப்பது அநியாயம். நம் அரசுகள் இதை உரத்துக் கேட்க வேண்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நிற்பது பவுண் தொகைதான், ரூபாய்த் தொகையல்ல. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய். மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த மாதங்களில் வெளிநாட்டுப் பென்ஷன் வந்த வீடு தப்பியது. வங்கியில் ரூபாயாகப் போட்டு வைத்திருந்த கத்தார்க்காரரின் பணிக்கொடை டொலர் மதிப்பில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது.

எது நல்லது என்று கேட்டால், முதுமைக்கு லண்டன்தான் கையிருப்பு. ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளை கெலிஓயாவில் குடியிருக்க வரும் என்று நான் நம்பவில்லை. பூட்டிய வீட்டில் மகளுக்கென்று ஒரு அறையும் பேரப்பிள்ளைக்கென்று ஒரு அறையும் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கத்தார்க்காரருக்கு நான் சொல்வது வேறு: மூத்த பிள்ளை தரம் 8இல் இருக்கும்போதே பாடத்திட்டத்தை முடிவு செய்யுங்கள். பேராதனைதான் ஆசை என்றால் சாதாரண தரத்துக்கு முன்னாலேயே தாயும் பிள்ளையும் ஊருக்கு வரட்டும். லண்டன் பாடம் என்றால் பட்டப்படிப்புக் காசை இன்றிலிருந்தே டொலராகச் சேருங்கள். மேல்மாடி அதற்குப் பிறகு.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் இந்தப் பேச்சைத் தோஹாவுக்குத் திரும்பும் முதல்நாள் இரவுதான் தொடங்குகின்றன. பெட்டி பாதி அடுக்கியிருக்கும். மூத்தவளுக்குத் தரம் 9. “இவள இங்க விட்டுட்டுப் போவமா?” என்பார் மனைவி. காலையில் மேசன் பாஸை வரச் சொல்லி, அடுத்த மாடிக்கான மதிப்பீட்டை எழுதி வாங்கக் காத்திருப்பார் கணவர்.