தொண்டை வலி தரும் எச்சரிக்கை

தொண்டை வலிக்காக மருத்துவரைத் தேடிச் செல்வோர் நம்மில் குறைவு. வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிப்பதும், பாலில் மஞ்சளும் மிளகும் சேர்த்து அருந்துவதும், அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்குவதும் வழக்கம். பெரும்பாலான தொண்டை வலிகள் வைரஸ் தொற்றால் வருபவை; ஒரு வாரத்தில் தாமாகவே நீங்கிவிடும். ஆகவே, இந்த வழக்கத்தைப் பெரிதாகக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை அன்றாடம் உட்கொள்பவர்களுக்கு இது பொருந்தாது.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கு வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் ஆயுள் முழுவதும் தேவைப்படுகிறது. இந்தியாவில் அவர்களில் கணிசமானோரை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததே ஒரு தொண்டை வலிதான். 5 முதல் 15 வயது வரையிலான பருவத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி, கவனிக்கப்படாதபோது சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இதய வால்வைச் சிதைக்கிறது. தொற்று தொடங்கிய 9 நாள்களுக்குள் பென்சிலின் கொடுத்தால் இதைத் தடுத்துவிடலாம். பென்சிலினின் விலையையும் வால்வு அறுவை சிகிச்சையின் செலவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தடுப்பு மருத்துவத்துக்கு வேறு பொருளாதார வாதமே வேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட உள்நாட்டு வால்வு அந்தச் செலவைக் குறைத்தது உண்மை. எனினும், மாத்திரையும் இடையறாத ரத்தப் பரிசோதனையும் நோயாளியின் குடும்பச் செலவுக் கணக்கில் நிரந்தரமாக இடம்பிடித்துவிடுகின்றன.

வார்ஃபரின் 1948-இல் அமெரிக்காவில் எலிக்கொல்லியாக விற்பனைக்கு வந்த பொருள். 1955-இல் மாரடைப்புக்குள்ளான அதிபர் ஐசனோவருக்கும் அதுவே கொடுக்கப்பட்டது! ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து என்று பேச்சுவழக்கில் சொல்வது பிழை. ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் உருவாக்க உதவும் வைட்டமின்-கே செயல்படுவதை அது தடுக்கிறது, அவ்வளவே. அதன் விளைவை ஐஎன்ஆர் என்னும் அளவால் கணிக்கிறார்கள். இயல்பானவர்களுக்கு ஏறத்தாழ 1 ஆக உள்ள இந்த அளவு, மைட்ரல் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தியவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி, மிகுந்தால் ரத்தக்கசிவு.

தொண்டை வலிக்கு நாமாக வாங்கும் மாத்திரைகள் இந்தச் சமநிலையைத்தான் குலைக்கின்றன. எரித்ரோமைசின், கோ-டிரைமாக்சசோல், மெட்ரோனிடசோல் போன்றவை வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டிவிடும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். ஒப்பீட்டளவில் பாதுகாப்பான பாராசிட்டமாலும்கூட, நாள்கணக்கில் அதிக அளவில் உட்கொண்டால் ஐஎன்ஆரை உயர்த்தும். விழுங்க முடியாமல் உணவு குறையும்போது கீரை, காய்கறிகளிலிருந்து கிடைக்கும் வைட்டமின்-கேயும் குறைந்து, அளவு மேலும் ஏறும். இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனினும் அரிதான, ஆனால் உயிருக்கே உலைவைக்கும் நிலை ஒன்று உண்டு. வலிக்குக் காரணம் தொற்றாக இல்லாமல், நாக்கின் அடியிலோ தொண்டையின் பின்புறத் திசுக்களிலோ கசிந்த ரத்தமாகவே இருக்கலாம். பலமான இருமலே அதற்குப் போதும். சில வேளைகளில் அதுவும் வேண்டியதில்லை. காய்ச்சல் இராது. குரல் மாறுதல், எச்சிலையும் விழுங்க இயலாமை, நாக்கின் கீழோ கழுத்திலோ கருநீல வீக்கம், மூச்சிழுக்கும்போது எழும் ஓசை ஆகியவை அதன் அறிகுறிகள். குரல்வளை மூடி அழற்சி, தொண்டைச் சீழ்க்கட்டி ஆகியவற்றிலும் இவற்றில் பல தோன்றும். எதுவாயினும் மூச்சுப்பாதை சில மணி நேரத்தில் அடைபடக்கூடும் என்பதால், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும்.

அச்சத்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. வால்வில் கட்டி உருவாகிப் பக்கவாதம் நேரலாம். கடைசி ஐஎன்ஆர் அளவு குறித்த அட்டையையும் உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் மருத்துவரிடம் முதலிலேயே காட்டிவிடுவது நல்லது. தசையில் ஊசி போட்டால் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும் என்பதையும் அவர் கருத்தில்கொள்ள வேண்டியிருக்கும். ஆன்டிபயாடிக் தொடங்கினால், அடுத்த 3 முதல் 5 நாள்களுக்குள் ஐஎன்ஆர் பரிசோதனையை ஒருமுறை கூடுதலாகச் செய்ய வேண்டும்; மருந்து முடிந்த பின்னர் மீண்டும் ஒருமுறை.