மலைப்பாதை யாருக்கு? சைக்கிள் சங்கங்களின் கதை



நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் வரப்போகும் தீர்மானம் உங்களுக்குத் தெரிந்ததே. பூங்காவைச் சுற்றியுள்ள நடைபாதையிலும் பிளாக்குகளுக்கு இடையிலுள்ள உட்சாலையிலும் சைக்கிளுக்கு முழுத் தடை வேண்டும் என்று காலையும் மாலையும் நடக்கும் மூத்தவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "அப்படியானால் பிள்ளைகள் எங்கே ஓட்டுவது, லாரி போகிற மெயின் ரோட்டிலா?" என்று பெற்றோர்கள் பதில் மனு கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும், கை தூக்குவதற்கு முன் ஒரு பழைய கதையைக் கேட்டுவிடுங்கள். இதே வழக்கு சுமார் 40 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில், ஒரு மலைப்பாதையை வைத்து நடந்தது. அங்கே வாதிகள் நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும். பிரதிவாதிகள் மலையில் சைக்கிள் ஓட்டும் சங்கத்தார்.

சண்டை இல்லாத காலம்

சைக்கிளைத் தார் ரோட்டிலிருந்து இறக்கி மலைப்பாதையில் கூட்டமாகப் போவது அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம் அல்ல. 1919 மார்ச்சில் டபிள்யூ. எம். ராபின்சன் என்ற ஆங்கிலேயர் சில நண்பர்களோடு வேல்ஸ் நாட்டின் பெர்வின் மலையைப் பனியில் சைக்கிளோடு கடந்தார். 'வேஃபேரர்', அதாவது வழிப்போக்கர் என்ற புனைபெயரில் அந்த அனுபவத்தை ஒரு சைக்கிள் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்துவிட்டு அதே வழியில் போனவர்கள் பலர்.

1955-இல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் என்ற சிற்றூரில், ஒரு மதுவிடுதியில் சுமார் 40 பேர் கூடி 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கரடுமுரடான வழியில் போக விரும்புவோர் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களிடம் இருந்தது சாதாரண ரோடு சைக்கிள்தான். ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டுவார்கள், முடியாத இடத்தில் தள்ளுவார்கள், அதுவும் முடியாவிட்டால் தோளில் தூக்கிக்கொள்வார்கள். வழியில் அடுப்பு மூட்டித் தேநீர் போட்டுக் குடிப்பார்கள். பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. 1958-இல் இவர்களில் சிலர் ஐஸ்லாந்தின் நடுவிலுள்ள ஆளில்லாப் பாலைநிலத்தையே சைக்கிளோடு கடந்துவிட்டார்கள்.

இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆள் எண்ணிக்கை குறைவு, வேகமும் குறைவு. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள். பின்னால் வந்த வம்பெல்லாம் இவை இரண்டும் மாறியதால் வந்ததுதான்.

காயலான் கடைச் சைக்கிள்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மாரின் என்ற மாவட்டம். அங்கே டமல்பயஸ் என்று ஒரு மலை, உயரம் சுமார் 2,570 அடி. காட்டுத்தீயை அணைக்க வண்டி போவதற்காக வெட்டிய மண் சாலைகள் அதில் ஏராளம். 1970-களின் தொடக்கத்தில் அங்குள்ள இளைஞர்கள் 'வெலோ கிளப் டமல்பயஸ்' என்ற சைக்கிள் சங்கத்தில் சேர்ந்து ரோடு பந்தயங்களுக்குப் பயிற்சி செய்துவந்தார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஓட்டிஸ் கை ஆகியோர் அதில் முக்கியமானவர்கள்.

ரோடு பயிற்சி இல்லாத நாட்களில் இவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. 1930, 40-களில் வந்த பலூன் டயர் சைக்கிள்களைக் காயலான் கடையிலும் பழைய கொட்டகையிலும் தேடிப் பிடித்து, மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மலையிலிருந்து இறக்குவார்கள். கழற்றிய பிறகும் ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குக் குறையாது. கியர் இல்லாததால் மேலே ஏறுவதற்குப் பெரும்பாலும் தள்ளல்தான்.

1974 டிசம்பரில் மாரினில் உள்ள மில் வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்குத் தெற்கே கூப்பர்டினோவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஆம், இன்று ஆப்பிள் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும், நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்கும் அதே பகுதிதான். அவர்கள் 'மாரோ டர்ட் கிளப்' என்ற சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பழைய பலூன் டயர் சைக்கிளில் கியர் பூட்டியிருந்தது. மாரின் இளைஞர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். கியர் வந்த பிறகு மலையில் ஏறவும் ஓட்டியே போகலாம் என்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மலைப் பயணத்துக்கு ஆள் கூடியது.

ஆள் கூடினால் யார் வேகம் என்ற வாதமும் கூடவே வரும். அதைத் தீர்க்க 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு பந்தயம் வைத்தார்கள். சுமார் 3.4 கிலோமீட்டர் தூரத்தில் 1,300 அடி இறங்கும் மண் சாலை அது. ஒவ்வொருவராக இறங்க, கடிகாரம் வைத்து நேரம் குறித்தார்கள். கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடிதான் அங்கே சாதனையாக நின்றது.

பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும். அந்தச் சரிவில் இறங்கும்போது பின்சக்கர ஹப்பிலுள்ள கிரீஸ் சூட்டில் புகைந்தே போய்விடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. நம் ஊர் சைக்கிள் கடையில் இதற்கு 'ஓவராயில்' என்று பெயர்.

கணவாயைக் கடந்த கூட்டம்

அதே 1976-இல், செப்டம்பரில், கொலராடோ மாநிலத்தில் க்ரெஸ்டட் பியூட் என்ற பழைய சுரங்க ஊரிலும் ஒரு கூத்து நடந்தது. ஆஸ்பென் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மலை தாண்டி வந்த சிலர் அங்கே வந்து பெருமை அடித்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. காயலான் கடைச் சைக்கிள்களிலேயே சுமார் 15 பேர் ஆஸ்பெனுக்குக் கிளம்பினார்கள். நடுவிலுள்ள பேர்ல் கணவாயின் உயரம் சுமார் 12,700 அடி. நம் தொட்டபெட்டாவைவிட நாலாயிரம் அடி அதிகம். மூட்டை முடிச்சுகள் வண்டியில் வர, இரவு வழியில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் போய்ச் சேர்ந்தார்கள்.

1978-இல் இந்தப் பயணத்துக்கு மாரினிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் வெண்டி கிராக் என்ற பெண்மணியும் ஒருவர். அந்த ஆரம்ப நாட்களைப் பற்றி இன்று நாம் பார்க்கும் படங்களில் பெரும்பகுதி அவர் எடுத்தவை. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவர் சைக்கிளை மற்றவர் புரட்டிப் பார்த்தார்கள். எவருடைய ஃப்ரேம் உடைந்தது, எவருடைய பிரேக் நின்றது என்று பேசினார்கள். மவுன்டன் பைக் இப்படித்தான் உருவானது. கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்தில் அல்ல, கூட்டமாகப் போன பயணங்களில்.

1977-இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிதாக ஃப்ரேம் செய்தார். முதல் தொகுதியில் பத்து. 1979-இல் கெல்லியும் ஃபிஷரும் சில நூறு டாலரைப் போட்டு 'மவுன்டன்பைக்ஸ்' என்ற பெயரில் வங்கிக் கணக்கு திறந்தார்கள். டாம் ரிச்சி ஃப்ரேம் செய்து தந்தார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மாடலைத் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்கத் தொடங்கியது. அதோடு கதை கை மாறியது.

தடை வந்தது

அதுவரை மலையில் சைக்கிள் ஓட்டியவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய சிறு கூட்டம். எந்த வளைவில் எந்த நேரத்தில் யார் நடந்து வருவார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். இப்போது கடையில் சைக்கிள் வாங்கிய எவரும் மலைக்கு வரலாம். சங்கம் கிடையாது, சொல்லிக்கொடுக்க மூத்தவர் கிடையாது. பழக்கவழக்கம் தெரியாமலேயே வேகம் மட்டும் கைக்கு வந்துவிட்டது.

நடப்பவர்களின் பயத்தை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. சைக்கிள் சத்தமில்லாமல் வரும். முதுகுப் பக்கம் காற்று மாதிரி ஒன்று உரசிப்போனால் அறுபது வயதுக்காரருக்கு நெஞ்சு படபடக்காதா? குதிரை மிரண்டால் மேலே இருப்பவரின் கதி என்ன? இடித்தால்தான் குற்றம் என்றில்லை. 'எந்த நிமிடமும் இடிக்கலாம்' என்ற நினைப்பே அந்த மலையில் நடக்கும் நிம்மதியைக் கெடுத்துவிட்டது.

1984-இல் அமெரிக்க வனத்துறை, 'வனாந்தரம்' என்று சட்டப்படி அறிவித்த பகுதிகளில் சைக்கிளையும் தடை செய்தது. மாரினிலேயே, மவுன்டன் பைக் பிறந்த அந்த மலையிலேயே, ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகலமான மண் சாலைகள் மட்டும் மிஞ்சின. அங்கும் மணிக்கு 15 மைல், கண் தெரியாத வளைவிலும் ஆளைக் கடக்கும்போதும் 5 மைல் என்று கட்டுப்பாடு. வனக்காவலர்கள் ரேடார் கருவியோடு நின்று வேகம் பார்த்தார்கள்.

சங்கங்கள் செய்த வேலை

இந்த இடத்தில் சங்கத்தார் இரண்டில் ஒன்றைச் செய்திருக்கலாம். 'எங்கள் உரிமை' என்று கத்திக்கொண்டே இருந்திருக்கலாம், அல்லது தடை செய்த பாதையில் திருட்டுத்தனமாக ஓட்டியிருக்கலாம். அப்படி ஓட்டியவர்களும் உண்டு. ஆனால் 1988-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஐந்து சங்கங்கள் வேறு வழியில் போயின. ஒன்றுசேர்ந்து 'இம்பா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கின. ஐந்தில் ஒன்றின் பெயரே 'பொறுப்போடும் ஒழுங்கோடும் மலையில் பெடல் மிதிப்போர்' என்று பொருள்படும். மற்றவர்கள் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அவர்கள் வகுத்துப் பரப்பிய விதிகள் ஆறுதான். அனுமதி உள்ள பாதையில் மட்டும் ஓட்டு. போன தடம் தெரியாமல் போ. சைக்கிளை உன் கட்டுப்பாட்டில் வை. மற்றவருக்கு வழி விடு. விலங்குகளை மிரட்டாதே. முன்கூட்டித் திட்டமிட்டுக் கிளம்பு. ஆறும் ஒரு அட்டையில் அடங்கிவிடும். இவற்றை முதலில் தங்கள் உறுப்பினர்களிடம்தான் அவர்கள் வற்புறுத்தினார்கள். எதிர்த்தரப்புக்கு உபதேசம் செய்யப் போகவில்லை.

அடுத்தது உழைப்பு. மழைநீர் பாதையிலேயே ஓடினால் மண் அரித்து வாய்க்காலாகிவிடும். நீர் பக்கவாட்டில் வடிவதற்குப் பாதையைச் சற்றே வெளிப்பக்கம் சாய்த்து வெட்ட வேண்டும். இந்த வேலைக்குச் சங்கத்தார் மண்வெட்டியும் கையுமாக வரத் தொடங்கினார்கள். அங்கே நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் வந்தார்கள். ஒரு பகல் முழுதும் பக்கத்தில் நின்று மண் வெட்டியவரிடம் மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது கடினம்.

மூன்றாவது, கூட்டமாகப் போகும் முறை. நல்ல சங்கப் பயணத்தில் முன்னால் வழி தெரிந்த ஒருவர் போவார், கடைசியில் ஒருவர் வருவார். கடைசி ஆளை முந்திப் பின்தங்க யாரையும் விடமாட்டார்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, எல்லாரும் வந்து சேர்ந்த பிறகே நகர்வார்கள். மேலே ஏறி வருபவருக்கு, கீழே இறங்குபவர் வழி விடுவார். புதிதாக வந்த பையன் இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை கூடப் போனால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அதே 1988-இல் மில் வேலியில் மர்லின் பிரைஸ் என்ற பெண்மணி 'ட்ரிப்ஸ் ஃபார் கிட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மலையையே எட்டிப் பார்க்க வாய்ப்பில்லாத நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சைக்கிளும் ஹெல்மெட்டும் கொடுத்துக் கூட்டமாக மலைக்கு அழைத்துப்போனார்கள். பிறகு அது அமெரிக்காவின் பல ஊர்களுக்கும் பரவியது. பிள்ளைகளைப் பாதையிலிருந்து விரட்டுவது சுலபம். அவர்களுக்குப் பாதையில் போகத் தெரிய வைப்பதற்கு நாலு பெரியவர்கள் காலையில் எழுந்து வர வேண்டும்.

மாரினில் வழக்கு முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எந்தப் பாதையைத் திறப்பது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் தடை ஒன்று மட்டுமே விடை என்ற நிலை பல இடங்களில் மாறியது. ரீபேக் சரிவுக்கு அருகிலுள்ள ஃபேர்ஃபாக்ஸில் 2015-இல் ஒரு சைக்கிள் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள்.

நம் வளாகத்துக்கு

நம்முடையது மலை அல்ல, ஒரு சுற்று வந்தால் முடிந்துபோகும் நடைபாதை. ஆனால் கேள்வி ஒன்றே. பாதை பொது, பயன்படுத்துவோர் பல வகை. பொதுக்குழுவில் முழுத் தடைக்குப் பதிலாக இவற்றை முன்வைக்கலாம் என்பது என் கருத்து:

காலை 5 முதல் 8 வரையும், மாலை 6 முதல் 8 வரையும் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும்.

உட்சாலையில் மற்ற நேரங்களில் சைக்கிள் ஓட்டலாம். ஆளைக் கடக்கும்போது மணி அடித்து, நடக்கும் வேகத்துக்குக் குறைக்க வேண்டும். கேட் அருகிலும் பேஸ்மென்ட் சாய்தளத்திலும் இறங்கித் தள்ள வேண்டும்.

ஞாயிறு காலை பிள்ளைகள் கூட்டமாக வெளியே போய்வரலாம். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். ஹெல்மெட் கட்டாயம்.

விதிகளைப் பிள்ளைகளே எழுதி, லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். தாங்களே எழுதியதை மீறக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம். சரிவரவில்லை என்றால் தடையைப் பற்றி அப்போது பேசலாம். கையெழுத்திட்ட மூத்தவர்களில் இரண்டு பேராவது இந்தக் குழுவில் இருக்க வேண்டும். பயந்தவர்களும் உட்கார்ந்து எழுதிய விதி என்றால்தான் நடைபாதையில் அதற்கு மரியாதை இருக்கும்.

பேஸ்மென்ட்டில் காற்றுப்போன டயரோடு நிற்கும் சைக்கிள்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றில் ஒன்று உங்களுடையதாக இருந்தால், ஓவராயில் செய்து வையுங்கள். கடைசியில் வரும் பெரியவருக்கும் ஒரு சைக்கிள் வேண்டுமே.